கண்மாய்க்குள் இறங்கிய கருவேலங்குடி

கருவேலங்குடி கண்மாய்க்குள் இறங்கியது ஒரு புதன்கிழமை விடியற்காலையில். செவ்வாய்க்கிழமையே இறங்கியிருக்கும், செவ்வாயில் குடி மாறக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டதால் ஊர் ஒரு நாள் பொறுத்துக்கொண்டது. ஓட்டு வீடுகளும், மாடி வீடுகளும், மாட்டுக் கொட்டில்களும், ரேஷன் கடையும், பஞ்சாயத்து அலுவலகமும், சோணமுத்துவின் டீக்கடையும், அந்தக் கடை பெஞ்சில் முதல் டீக்காகக் காத்திருந்த ஆட்களும், கொடியில் காய்ந்த துணிகளில் ஒன்றுகூடக் கீழே விழாமல், கரையேறி மறுபக்கம் இறங்கி, வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாயின் நடுவில் போய் உட்கார்ந்தன. பால்காரர் மட்டும்தான் கொஞ்சம் சிரமப்பட்டார். வழக்கமான பாதையில் சைக்கிளை மிதித்து வந்து, ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லாததைப் பார்த்து, கரைமேல் ஏறிக் கண்ணுக்குமேல் கைவைத்துத் தேடி, "சொல்லிட்டுப் போகக் கூடாதாப்பா" என்று அலுத்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

இறங்கியதற்குக் காரணம் ஒரு புள்ளி.

கிராமங்களுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்து இன்டர்நெட் கொடுக்கிற திட்டத்தில் நான் ஒப்பந்தக் கள ஆய்வாளராக இருந்தேன். திட்ட வரைபடத்தில் வீடு, தெரு, மனிதர்கள் எல்லாம் கிடையாது. ஒரு ஊருக்கு ஒரு புள்ளி. பணம் புள்ளிக் கணக்கில் ஒதுக்கப்படும், கேபிள் புள்ளி வரைக்கும் போகும், இணைப்புப் பெட்டி புள்ளியில் வைக்கப்படும். நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு புள்ளி இருக்கிற இடத்துக்குப் போய், அங்கே ஊர் இருக்கிறது என்று கையெழுத்துப் போடவேண்டும். கருவேலங்குடியின் புள்ளி கண்மாயின் நடுவில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. தலைநகரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்த யாரோ ஒருவருக்குத் தும்மல் வந்திருக்கலாம்.

உதவிப் பொறியாளர் ஜெகதீசன் சாருக்குப் போன் செய்வதற்காக, மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் பாதி ஏறினேன். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்.

"சார், புள்ளி கண்மாய்க்குள்ள இருக்கு."

"தண்ணி கெடக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

"ஊர் இல்ல சார்."

அவர் பெருமூச்சு விட்டது தொட்டி வரைக்கும் கேட்டது. "எஸ்தர், இங்க பாரு. புள்ளி தப்புன்னு நீ எழுதினா மாவட்டத்தோட மொத்தத் திட்டமும் திருப்பி மேல போகும். அது இறங்கி வர்றதுக்குள்ள மார்ச் முடிஞ்சிடும். மார்ச்சுக்குள்ள செலவழிக்காத பணம் பணமே இல்ல. ஒரு ஊருக்காக அத்தனை ஊரையும் கெடுத்துடாதே. கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடு."

கண்ணை மூடிக்கொண்டு என்னால் போட முடியவில்லை. என் அப்பா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துத்தான் எங்கள் அரை ஏக்கர் போனது. வீட்டில் முதலில் படித்தவள் என்பதால், எதில் கையெழுத்துப் போடுவதென்றாலும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். போடாவிட்டால் வேலை போய்விடும் என்பதற்கும் அதே கைதான் வியர்த்தது.

பஞ்சாயத்துத் தலைவர் ராக்கப்பனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார், சொல்லிவிட்டு, "எந்த ஊருத்தா நீ?" என்று கேட்டார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். பஸ் ஸ்டாப் பக்கம் என்றேன். எங்கள் காலனி பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் இருக்கிறது, ஆகவே அது பொய்யில்லை. அவர் தலையாட்டினார். மேற்கொண்டு கேட்கவில்லை, டீயும் வரவழைக்கவில்லை.

"லைன் வரலைன்னா என் மருமகன் இந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாரு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. பேரன் பொறந்து நடக்கவே ஆரம்பிச்சுட்டான், நான் போட்டோவுலதான் பார்த்திருக்கேன். அதுவும் ஏணில ஏறிப் பார்த்தது. எனக்கு மூட்டு வலி வேற. அந்தக் காகிதத்துல ஊரு கண்மாய்க்குள்ள இருக்குன்னு எழுதினா லைன் வந்துருமா?"

"வந்துரும்யா. ஆனா நான் எழுத முடியாது. ஊர் அங்க இல்லையே."

"அவ்வளவுதானா?" என்றார் ராக்கப்பன். முகம் தெளிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே மந்தைத் திடலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எப்படி இறங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்போது என்றுதான் பேச்சு. போகிற வழியில் முள் வெட்டவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கண்மாய்க்குள் போனால் தன் வீட்டு வாசல் எந்தத் திசை பார்க்கும் என்று இன்னொருவர் கேட்டார். கருப்பசாமி வருவாரா என்று பூசாரியிடம் கேட்டதற்கு, அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சாமிக்கு நெட் வேண்டாமாம் என்றார். தலைமுறை தலைமுறையாக ஊர்க்கூட்டத்துக்குக் காலனிக்காரர்களைக் கூப்பிடுவதில்லை என்பதால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்கு இந்த முடிவைச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஊர் என்று சொன்னபோது காலனி அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

ஆகவே ஊர் இறங்கியது, காலனி நின்றது.

வியாழக்கிழமை கருவியோடு போனேன். புள்ளியின்மேல் சரியாகப் பஞ்சாயத்து அலுவலகம் இருந்தது. கொடிக்கம்பத்தில் கொடிகூட இருந்தது. நான் ஊரை ஒரு தடவை முழுக்கச் சுற்றி வந்தேன், சுவர்களைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். முதல் தடவையாக உள்ளங்கை வியர்க்கவில்லை.

வைகாசியில் கேபிள் வந்தது. கரையை அறுத்துப் பள்ளம் தோண்டி, குழாய் புதைத்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெட்டி வைத்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர்கள் செருப்பில் ஒட்டிய வண்டல் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, கடைக்கோடி கிராமத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டதாகப் பேசினார்கள். ஒருவரும் காலடியைப் பார்த்துக் கேள்வி கேட்கவில்லை. ராக்கப்பனின் மருமகன் வந்தார், மூன்று வாரம் இருந்தார், அறையை விட்டு வெளியே வரவேயில்லை. பேரனும் போனை விட்டு நிமிரவில்லை. தலைவர் அடுத்த அறையிலிருந்து பேரனோடு வீடியோவில் பேசிச் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

மற்றபடி ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. கிணறுகள் மட்டும் ஊரோடு வரவில்லை. பள்ளத்தை எப்படித் தூக்கிக்கொண்டு வருவது? பெண்கள் பழைய ஊருக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள், இன்டர்நெட்டில் தண்ணீர் வராதா என்று ஆண்களைக் கேட்டார்கள். மின்சார வாரியத்தார் வந்து, கம்பிகள் தாமாகவே நீண்டு கரையைத் தாண்டியிருப்பதைப் பார்த்து, நீண்ட கம்பிக்குக் கட்டணம் யார் கட்டுவது என்று மட்டும் விசாரித்தார்கள். பக்கத்து ஊரான மேலப்புஞ்சையின் புள்ளி ஒரு பாறையின் உச்சியில் விழுந்திருந்தது. அவர்கள் கருவேலங்குடிக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் வயசானவர்கள் அதிகம், ஏறமுடியாது என்று திரும்பிப் போனார்கள்.

பஸ், பழைய இடத்திலேயே நின்றது. இறங்குகிறவர்கள் காலனியைத் தாண்டித்தான் கண்மாய்க்குப் போகவேண்டும். காலனி வார்டு உறுப்பினர் பூமயில் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் என்னையும் நிறுத்தினாள்.

"ஏம்புள்ள, நீதான அளந்த பொண்ணு? ஒரு சந்தேகம். இத்தனை வருசமா நாங்க ஊருக்கு வெளியில இருந்தோம். இப்ப ரோட்டுமேல நாங்க இருக்கோம், பள்ளத்துல அவுக இருக்காக. இப்ப யாரு ஊருக்கு வெளியில?"

"எனக்குத் தெரியலக்கா."

"படிச்ச புள்ளைக்கே தெரியலையா?" என்று சிரித்துவிட்டு, குடத்தில் கைவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

புரட்டாசியில் வருவாய்த் துறை நோட்டீஸ் வந்தது. நீர்நிலைப் புறம்போக்கைக் கருவேலங்குடி என்னும் ஊர் ஆக்கிரமித்திருப்பதாகவும், ஊர் தன்னைத்தானே அகற்றிக்கொள்ளாவிட்டால் ஊரின் செலவிலேயே ஊர் அகற்றப்படும் என்றும் அதில் இருந்தது. ராக்கப்பன் அதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், திறப்பு விழாக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டிலும் ஒரே அரசாங்கத்தின் முத்திரைதான், பார்க்க ஜோடியாக இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பல வருஷமாக வராத மழை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நுரைத்துக்கொண்டு வந்தது. முதலில் கிழக்குத் தெருவின் கொட்டில்களில் தண்ணீர் ஏறியது. மாடுகளை மாடிக்கு ஏற்றினார்கள். பிறகு ரேஷன் கடையில் அரிசி மூட்டைகளின் அடி வரிசை நனைந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள், வியாழக்கிழமை காலை திரும்பிப் போவது என்று முடிவு செய்தார்கள், பாத்திரம் பண்டங்களைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வியாழக்கிழமை விடிந்தது. ஊர் கண்மாய்க்குள்ளேயே இருந்தது. தண்ணீர் மட்டும் ஒரு படி ஏறியிருந்தது.

சோணமுத்து டீ ஆற்றிக்கொண்டே விளக்கினார்: "வரும்போது நாம சும்மா ஊரு. நெனச்சோம், வந்தோம். இப்ப நாம கையெழுத்தான ஊருல்ல? உத்தரவு இல்லாம நகர முடியுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன். தூங்க முடியாமல் முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தேன். என் கையெழுத்து அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தது. குழந்தைகள் கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜெகதீசன் சார் போனில் நல்ல மனநிலையில் இருந்தார். "பணம் செலவாயிடுச்சும்மா. இனிமே புள்ளிய எங்க வேணாலும் மாத்திக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா மாத்துற இடத்துல ஊர் இருக்கணும். நீ நேர்ல பாத்துக் கையெழுத்துப் போடணும், தலைவர் அதுதான் ஊர்னு சொல்லணும். இருக்கா?"

"போய்ப் பாக்குறேன் சார்."

போய்ப் பார்த்தேன். பழைய இடத்தில் வீடுகள் இருந்த சதுரங்களில் மழைநீர் தேங்கி நின்றது. ஊர் இல்லை. இருக்கிறது என்று எழுதிவிட்டால் எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன். இல்லாத ஊரை இருக்கிறது என்று எழுதத்தான் மார்ச்சில் மறுத்தேன். இப்போது எழுதினால், அன்றைக்கு மறுத்ததெல்லாம் என் பயத்துக்காகத்தான், ஊருக்காக இல்லை என்று ஆகிவிடுமோ? அல்லது இப்போது மறுத்தால்தான் அப்படி ஆகுமோ? மழையில் நின்று இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூமயிலின் குரல் வந்தது.

"அங்க நின்னு நனையுற? என்னத்தத் தேடுற?"

"ஊரத் தேடுறேன்க்கா."

"அப்ப நாங்க யாரு?"

ஓடையைத் தாண்டிப் போனேன். அடிபம்பைச் சுற்றி வீடுகள், அடுப்புப் புகை, நனைந்த கோழிகள், ஆட்கள். ரேஷன் கார்டில் கருவேலங்குடி. ஆதாரில் கருவேலங்குடி. வாக்காளர் பட்டியலில் கருவேலங்குடி. நான் எதையும் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. கையில் வைத்திருந்த கருவியை வெட்கத்தோடு பார்த்துக்கொண்டேன். மார்ச்சில் நான் ஊரை முழுக்கச் சுற்றி வந்ததாக நினைத்தேனே, அந்தச் சுற்றுக்குள் காலனி வரவேயில்லை.

கண்மாய்க்குத் திரும்பி ராக்கப்பனிடம் சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றார். தண்ணீர் அவர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"ஊர் பழைய இடத்துலதான் இருக்குய்யா. காலனி இருக்கு. நீங்க அதுதான் கருவேலங்குடின்னு சொன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

"காலனி வேறத்தா, ஊரு வேற."

"அப்ப அங்க ஊர் இல்லைன்னுதான் எழுதணும்யா."

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் எழுதேன். அதான் படிச்சிருக்கேல்ல?"

"நடுவுல எழுத இடம் இல்லைய்யா. ஊர் உண்டு, ஊர் இல்லை, இது ரெண்டுதான்."

கூட்டம் சத்தம் போட்டது. அதெப்படி, நம்ம வாயால, என்று ஒருவர் கேட்டார். அரசாங்கமே வந்து தூக்கி வைக்கட்டும் என்றார் இன்னொருவர். காலனியைத் தற்காலிகமாக ஊர் என்று சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார்; அதற்கு விதி இருக்கிறதா என்று என்னைப் பார்த்தார். நான் தெரியாது என்றேன். அப்படியே மத்தியானம் வரைக்கும் பேசினார்கள். தண்ணீர் யார் பேச்சுக்கும் காத்திருக்கவில்லை. ராக்கப்பனின் மனைவி பேச்சியம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க பேசி முடிங்க, நான் நீச்சல் கத்துக்கிட்டு வர்றேன்" என்றாள்.

தலைவர் படியிலிருந்து இறங்கினார்.

முழங்கால் தண்ணீரில் நடந்து, கரையேறி, ஓடை வரைக்கும் என்னோடு வந்தார். ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். அந்தப் பக்கம் காலனிக்காரர்கள் நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றாள் பூமயில்.

"இதான் ஊருன்னேன்."

"மழையில காதுல விழல தலைவரே. இங்கிட்டு வந்து சொல்லுங்க."

அவர் ஓடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கிக் கடந்தார். அடிபம்பின் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கையாலும் குடையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் கருவேலங்குடி" என்றார். இந்தத் தடவை கேட்டது. யாரும் கைதட்டவில்லை. ஒரு பையன் மட்டும், "அது எங்களுக்குத் தெரியுமே" என்றான்.

நான் நின்ற இடத்திலேயே கருவியை அமுக்கினேன், அடிபம்பின்மேல் புள்ளி விழுந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கருவேலங்குடி, சேறு சொட்டச் சொட்டக் கரையேறித் திரும்பி வந்தது. ஆனால் ஊர் புள்ளியைச் சுற்றித்தானே உட்காரும்? புள்ளி அடிபம்பில் இருந்தது. ஆகவே வீடுகள் பழைய சதுரங்களைத் தாண்டி, ஓடையைத் தாண்டி வந்து, அடிபம்பைச் சுற்றிக் கிடைத்த சந்துகளில் எல்லாம், காலனி வீடு ஒன்று ஊர் வீடு ஒன்றாக, இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டன. கேபிள் மட்டும் வரவில்லை. அது கண்மாயோடு அறுந்து நின்றுவிட்டது. பெட்டியும் சுவரிலிருந்து கழன்று அங்கேயே தங்கிவிட்டது. இப்போதும் தண்ணீருக்கடியில் பச்சை விளக்கு எரிவதாகச் சொல்கிறார்கள். திட்ட அறிக்கையில் கருவேலங்குடிக்கு நேராக 'இணைப்பு வழங்கப்பட்டது' என்றே இருக்கிறது. கெண்டை மீன்கள் எதுவும் குறைசொல்லவில்லை.

அடுத்த வாரமே ஊர்த்தரப்பிலிருந்து மனு வந்தது. புள்ளியைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மேற்கே தள்ளி வைக்கவேண்டும். ஊர் தனியாகவும் காலனி தனியாகவும் இருப்பது இரு தரப்புக்கும் சௌகரியம். அலுவலகத்தில் என்னிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், பிறகு கள ஆய்வுக்கும் என்னையே அனுப்பினார்கள். வேறு யாரும் அந்த மழையில் போகத் தயாராக இல்லை.

ராக்கப்பன் அடிபம்பு அருகே காத்திருந்தார். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு. பூமயில் தன் வாசலில் குந்தி விளக்குமாற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீடுக தனித்தா. குறிச்சுக்க."

"எல்லையக் காட்டுங்கய்யா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது? நான் நடந்து பாத்துத்தான் எழுத முடியும்."

"இதென்ன பெரிய வித்தை. வா" என்று அவர் முன்னால் நடந்தார். ஒரு சந்தில் நுழைந்தோம். அது ஒரு காலனி வீட்டின் கொல்லையில் முடிந்தது. திரும்பி இன்னொன்றில் நுழைந்தோம். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் திண்டாடிக்கொண்டு நின்றார், அவர் வீட்டு ஜன்னலும் பக்கத்து வீட்டு ஜன்னலும் ஒன்றையொன்று திறக்கவிடாமல் முட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது சந்து எங்களை மறுபடியும் அடிபம்பிலேயே கொண்டுவந்து விட்டது. மழை வலுத்தது. ராக்கப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தார். அவருடைய மாடி வீட்டின் கைப்பிடிச் சுவர் கூரைகளுக்குப் பின்னால் தெரிந்தது. போகிற வழிதான் தெரியவில்லை.

கடைசியில் அவர், யாரிடம் என்று இல்லாத மாதிரி, "வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றார்.

"யாரு வீட்டுக்கு?" என்றாள் பூமயில்.

"என் வீட்டுக்குத்தான்."

"இப்படியே உள்ள வந்து பின்வாசல் வழியா எறங்குங்க. எறங்குனா உங்க படிதான்." அவள் எழுந்து வழிவிட்டாள். அவர் நிலைப்படியில் கால் வைக்கப்போனபோது விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினாள். "செருப்பக் கழட்டிட்டுப் போங்க தலைவரே. இப்பத்தான் வீட்டக் கூட்டித் தொடச்சேன்."

ராக்கப்பன் குனிந்தார். புதுச் செருப்பு, வார் இறுக்கமாக இருந்தது. கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, தலை இடிக்காமல் நிதானமாக உள்ளே நுழைந்தார்.